சித்தி எண்ணிய கியர்கள்

1. சித்தி கைப்பையிலிருந்து இரண்டு சிவப்புக் காதுமூடிகளை எடுத்தார்.
2. ஒன்றைத் தான் மாட்டிக்கொண்டு மற்றதை என்னிடம் நீட்டினார்.
3. மின்சார ரேஸ் கார்கள் எங்களைக் கடந்து போயின.
4. சித்தி காதுமூடியை ஒரு பக்கம் விலக்கி, "ஏங்கண்ணு, ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று கேட்டார்.

போன மாதம் கலிபோர்னியாவில் நடந்தது இது. டெக்சாஸிலிருந்து சித்தியை வரவழைத்து அந்த ரேஸுக்கு அழைத்துப் போனவள் நான்தான். மின்சாரக் கார்களின் பேட்டரி அதிகம் சூடாகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

அந்தக் காதுமூடிகளை முதலில் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது. டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி சித்தி வீடு. ஐரோப்பாவில் நடக்கும் ரேஸ் எங்களுக்கு ஞாயிறு காலை டிவியில் வரும். சித்தி டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோசை வார்ப்பார். இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டு, "அஞ்சு, நாலு, மூணு... இப்ப ரெண்டு" என்று கியரைச் சொல்வார். திரையில் வரும் எண்ணோடு ஒப்பிட்டு நோட்டில் டிக் அடிப்பது என் வேலை. தப்பு அபூர்வம். சித்தப்பா மட்டும், "கியர் எல்லாம் சரி, தோசை கருகுது" என்பார். ஒருமுறை சித்தி என்னை நேரிலேயே ரேஸ் பார்க்கக் கூட்டிப்போனார்; இந்தக் காதுமூடிகளை அன்றுதான் வாங்கினார். கார்கள் வரும்போது என் உள்ளங்கையை அலுமினியப் பெஞ்சின் மேல் அழுத்தி வைத்தார். பெஞ்ச் நடுங்கியது. நான் இன்ஜினியரிங் படிப்புக்கு வந்ததற்கு அந்த நடுக்கம்தான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

வேலைக்காக நான் கலிபோர்னியாவிலுள்ள டப்ளினுக்கு வந்த பிறகும், ஒவ்வொரு ரேஸ் தொடங்கும்போதும் சித்தியிடமிருந்து போன் வரும். போன தீபாவளியோடு அது நின்றது. அன்று சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான், "பெரிய ரேஸ் எல்லாமே எலெக்ட்ரிக் ஆயிடணும் சித்தி. பெட்ரோல் ரேஸ்லாம் இனிமே வேஸ்ட்" என்றேன்.

சித்தி கோபப்படவில்லை. "கரண்ட் மோட்டாரு எனக்கென்ன புதுசா? கோயமுத்தூர்ல மோட்டாருக்குக் காயில் சுத்துற வீட்ல பொறந்தவ நானு. சூடு ஏறினா என்னாகும்னு தெரியும். முழு ரேஸும் அதே ஸ்பீடுல உன்ற பேட்டரி தாங்குமா, அத மட்டும் சொல்லு."

நான் புகை, வருங்காலம், சாலைக் கார்களுக்குக் கிடைக்கும் பலன் என்று வரிசையாகக் காரணங்களை அடுக்கினேன். கேட்ட கேள்விக்குப் பதில் அதில் எதிலும் இல்லை. சித்தி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சரிங்க. பெரிய இன்ஜினியரு சொல்றீங்க, நாங்க கேட்டுக்கறோம்."

அந்த 'ங்க'வுக்குப் பிறகு போன் வரவில்லை. வேறு விஷயங்களுக்குப் பேசினோம். ரேஸ் பற்றி மட்டும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸை நான் சத்தமில்லாமல் பார்த்தேன். யாரும் சொல்லாத கியருக்கு எப்படி டிக் அடிப்பது?

அதனால்தான் போன மாதம் அந்த ரேஸுக்கு அவரை அழைத்துப் போனேன். சித்தி காதுமூடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, பழைய பழக்கத்தில் உள்ளங்கையைப் பெஞ்சில் வைத்தார். பெஞ்ச் சும்மா இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"தாங்காது சித்தி," என்றேன். "முழு ரேஸ், அதே ஸ்பீடு, இன்னைக்குத் தாங்காது. ஒண்ணு ஸ்பீடைக் குறைக்கணும், இல்லன்னா தூரத்தைக் குறைக்கணும். அதுவுமில்லாம, காருங்க எரிக்கறதைவிட அதையெல்லாம் நாடு நாடா தூக்கிட்டுப் போற ஃப்ளைட்டுங்க எரிக்கறதுதான் ஜாஸ்தி. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"இதச் சொல்றதுக்கா இத்தன மாசம்?" என்றார் சித்தி. அடுத்த கார் வளைவில் திரும்புவதைப் பார்த்தார். "வளைவுல வேகம் எடுக்கறது நல்லாத்தான் இருக்குது. ஆனா கியர் மாத்தறதே இல்ல, எண்ணறதுக்கு ஒண்ணுமில்லியே கண்ணு."

இப்போதைய நிலை இது. பெரிய ரேஸ் மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்றே நான் இன்னமும் நினைக்கிறேன்; முழு ரேஸையும் முழு வேகத்தில் ஓடி முடிக்கும் பேட்டரி வந்த பிறகு, அதற்கு முன்னால் அல்ல. சித்தி இதைக்கூட ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சிவப்புக் காதுமூடி ரிச்சர்ட்சனில் இருக்கிறது. மற்றது டப்ளினில், என் மேசை மேல். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, டெக்சாஸில் எட்டு, மறுபடியும் போன் அடிக்கிறது. சித்தி கியர் சொல்கிறார். நான் டிக் அடிக்கிறேன்.