வேலியின் இடது கால்

என் வீட்டுக்காரருக்கு மூளை தலையில் இல்லை, இடது காலில் இருக்கிறது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை; கோபத்தில் சொன்னால் இன்னும் மோசமாகச் சொல்வேன். சாப்பாட்டு மேஜையிலிருந்து கரண்டி விழுந்தால் நீங்களும் நானும் கையை நீட்டுவோம். அவர் காலை நீட்டுவார். உருளைக்கிழங்கு, சோப்பு, மகளின் கைபேசி, எதுவானாலும் தரையைத் தொடுவதற்குள் அவருடைய இடது பாதத்தின் மேல் வந்து பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்துவிடும். ஒருமுறை சூடான இஸ்திரிப்பெட்டி விழுந்தபோதும் கால்தான் முந்திக்கொண்டது. கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு, "பெட்டி உடையல பாத்தியா?" என்று பெருமை வேறு.

நான் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறேன். அன்றைக்கும் இன்றைக்கும் அதே கடைதான். அங்கேதான் அவரை முதலில் பார்த்தேன். பந்தாட்டக்காரர்கள் பூட்ஸ் வாங்கும்போது அரை சைஸ் சின்னதாகக் கேட்பார்கள். கால் இறுகியிருந்தால்தான் பந்து எங்கே படுகிறதென்று சரியாகத் தெரியுமாம். அதெல்லாம் அப்போது எனக்கு என்ன தெரியும்?

"இது உங்களுக்குப் பத்தாதுங்க. விரல் நசுங்கும்" என்றேன்.

"நசுங்கட்டும்."

"நசுங்கின பிறகு இங்க வந்து எங்களைத்தானே திட்டுவீங்க?"

பெரிய வாக்குவாதமாகிவிட்டது. மறுவாரமே வந்து இன்னொரு ஜோடி கேட்டார். அதற்கடுத்த வாரமும் வந்தார். ஒரு மனுஷனுக்கு எத்தனை கால்தான் இருக்கும்? எங்கள் முதலாளி கல்லாவில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு விஷயம் விளங்க மேலும் ரெண்டு ஜோடி ஆயிற்று.

அவர் எங்கள் நகர கிளப்பின் லெஃப்ட் பேக். அதாவது மைதானத்தின் இடது ஓரத்தில் நின்று, அந்தப் பக்கமாக வருகிறவனைத் தடுக்கிற ஆள். கோல் போடுகிறவனுக்குத்தான் மாலை மரியாதை எல்லாம். தடுக்கிறவனை யார் கவனிக்கிறார்கள்? ஆனால் இவரைக் கவனித்தார்கள். ஏனென்றால் இவர் பந்தை வெளியே போக விடமாட்டார். மற்ற தடுப்பாட்டக்காரர்கள் ஆபத்து வந்தால் பந்தைக் கூட்டத்துக்குள் உதைத்துத் தள்ளிவிட்டு மூச்சு வாங்குவார்கள். இவருக்கு அது அவமானம். கோடு வரைக்கும் உருண்டுபோன பந்தைச் சறுக்கிக்கொண்டு போய்ப் பிடித்து உள்ளே இழுத்து வருவார். அதனால்தான் ‘வேலி’ என்று பெயர் வைத்தார்கள். பதிமூன்று வருஷம் ஆடினார். போட்டது ஒரே ஒரு கோல். அதுவும் எதிரணிக்காரன் முதுகில் பட்டுப் போனது. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "உள்ள போச்சா இல்லையா?" என்பார்.

பிறகு முட்டி போயிற்று. ஒரு ஆட்டத்தில் முதல் பாதி முடிவதற்குள் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். படுத்தபடியே கூட்டத்தைப் பார்த்து, இதோ வந்துவிடுகிறேன் என்று கையைக் காட்டினார். வரவில்லை. பிரிவு உபசாரம் கிடையாது, கடைசி ஆட்டம் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோதும் அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "சரி, பாப்போம்" என்றார், யாரோ வேறு ஒருவருடைய முட்டியைப் பற்றிச் சொன்ன மாதிரி. நான்தான் வராந்தாவில் நின்று அழுது தீர்த்தேன்.

கிளப் அவரைக் கைவிடவில்லை. முதலில் இளையோர் அணி, பிறகு பெரிய அணிக்கே பயிற்சியாளர். நல்ல பயிற்சியாளர்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயிற்சியாளர் எங்கே நிற்க வேண்டும்? கோட்டுக்கு வெளியே. இவரும் வெளியேதான் நின்றார். அந்தக் கால் மட்டும் ஓய்வு பெறவில்லை. பந்து பக்கத்தில் வந்தால் போதும், முந்திரிக்கொட்டை மாதிரி நீண்டுவிடும்.

போன வருஷம் கோப்பை செமி ஃபைனலில் மானம் கப்பலேறியது. ஆட்டம் சமநிலை, முடிய இன்னும் கொஞ்ச நேரம். எதிரணியின் காலில் பட்ட பந்து இவர் நின்ற இடத்துக்கு உருண்டு வந்தது. வெளியே போனால் நம் த்ரோ. சட்டென்று எடுத்து, எறிகிறவன் கையில் கொடுத்தால் நேரம் மிச்சம் என்று காலை நீட்டி, அழகாக, ரொம்ப அழகாக நிறுத்தினார். ஆனால் பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே என்று கணக்கு. அது தாண்டவில்லை. ஒரு விரல் அகலம் உள்ளே இருந்தது. ஆட்டத்தில் இருக்கும் பந்தைப் பயிற்சியாளர் தொட்டால் சும்மா விடுவார்களா? நடுவர் விசிலடித்தார். எதிரணிக்கு ஃப்ரீ கிக். அதிலிருந்து கோல். தோற்றோம்.

வேலியே பந்தை மேய்ந்துவிட்டதென்று பத்திரிகையில் எழுதினார்கள். கிளப் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா இன்னொரு தடவை அந்தக் கால் நீண்டுச்சுன்னா, நீங்க வேற வேலை பாத்துக்கணும்."

"இனிமே நீளாது" என்றார் இவர். சொல்லும்போதே தலைவர் கையிலிருந்து பேனா நழுவியது. அது எங்கே போய் உட்கார்ந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்குத்தான் நான் களத்தில் இறங்கினேன். கடையிலிருந்து கயிறில்லாத ஷூ ஒரு ஜோடி கொண்டுவந்தேன், ஒரு சைஸ் பெரியது. காலை வீசினால் ஷூ பறந்துவிடும், அந்தப் பயத்திலாவது கால் அடங்கும் என்று யோசனை. முதல் ஆட்டத்திலேயே ஷூ பறந்தது. பந்து மேல் படவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். நடுவர் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "சார், உங்களுதா?" என்று கொடுத்தார்.

அடுத்து, நானும் மகளும் அவருக்கு நேர் பின்னால் மூன்றாவது வரிசையில் உட்கார ஆரம்பித்தோம். பந்து அந்தப் பக்கம் உருண்டால் "காலு!" என்று கத்துவேன். உடனே இழுத்துக்கொள்வார். நாலைந்து ஆட்டத்துக்குள் பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் அந்தப் பக்கக் கூட்டம் முழுக்க "காலு!" என்று கத்தியது. மகளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அம்மா, மானத்தை வாங்காதீங்க" என்பாள். உங்கப்பா வாங்கியதற்கு மேலா நான் வாங்கிவிடப் போகிறேன்?

இந்த வருஷக் கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் முதல் டிவிஷனில் இருப்போம். சமன் செய்தால்கூடக் கீழே இறங்க வேண்டியதுதான். இறங்கினால் வேலியைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அதைத் தலைவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. வழக்கமாக விசாரிப்பவர் அன்றைக்கு என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார், அதுவே போதும்.

எங்கள் லெஃப்ட் பேக் ஒரு தூங்குமூஞ்சி. கிளப்பில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவனும் கோபித்துக்கொள்ள மாட்டான். மூன்று வருஷமாக இவர் அவனிடம் ஒரே பாட்டுத்தான்: "போயிடுச்சுன்னு நீயா முடிவு பண்ணாத. கோடு வரைக்கும் ஓடு." அவனும் தலையாட்டிவிட்டுப் பாதி வழியில் நின்றுவிடுவான்.

ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரமும் கரைந்துகொண்டிருந்தது. மொத்த மைதானமும் எழுந்து நின்று கத்தியது. அந்த நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் பந்தை ஓரமாக வெளுத்துத் தள்ளினான். அது நேராக என் வீட்டுக்காரரை நோக்கி உருண்டது. செமி ஃபைனலில் வந்த அதே பந்து மாதிரியே. வெளியே போனால் நம் த்ரோ. நேரமோ இல்லை. சட்டென்று நிறுத்திக் கையில் கொடுத்தால் கடைசியாக ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

"காலு!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆட்டம் தொடங்கியதிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது, சுற்றிலும் அவ்வளவு இரைச்சல். மகள், வெட்கத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, "அப்பா! காலு!" என்று அலறினாள். அதுவும் போய்ச் சேரவில்லை.

கால் எழும்பியது. பார்த்துவிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

எழும்பிய கால் அப்படியே நின்றது. அந்தப் பெரிய ஷூ விரல் நுனியில் தொங்கியது. ஒற்றைக் காலில், அதுவும் கெட்டுப்போன முட்டிக் காலில், ஆடாமல் அசையாமல் நின்றார். பந்து கோட்டின் மேல் ஏறியது. புல்லில் தட்டிக் கொஞ்சம் தயங்கியது. தூங்குமூஞ்சி எங்கிருந்து வந்தானோ, சறுக்கிக்கொண்டு வந்து அவர் காலடியிலிருந்து அதைக் கொக்கி போட்டு இழுத்தான். எழுந்தான், ஓடினான், நடுவில் தூக்கிப் போட்டான். யார் தலை முட்டியதென்று எனக்குத் தெரியாது. வலை குலுங்கியதுதான் தெரியும்.

பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அவளும் குதித்தாள். என் செருப்பில் ஒன்று காணாமல் போனது. செருப்புக் கடைக்காரி ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனது எங்கள் முதலாளிக்குத் தெரிய வேண்டாம்.

எல்லோரும் தூங்குமூஞ்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். இவரைக் காணோம். தேடிப் போனால், உடைமாற்றும் அறைக்குப் போகிற வழியில் தண்ணீர்ப் பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தார். இடது கால் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க, ஜெயிச்சிட்டோம்ங்க!"

"அது எனக்கு வந்த பந்துடி."

"ஆமா."

"என் காலுக்கே வந்துச்சு. விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அழுதார். முட்டி போன அன்றைக்கு வராத அழுகை, இத்தனை வருஷம் கழித்து, ஜெயித்த நாளில் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முட்டியில் கை வைத்துக்கொண்டேன். கால் நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் காலை மேஜையிலிருந்து கரண்டி நழுவியது. ணங்கென்று தரையில் விழுந்தது. கால் போகவில்லை. அவர் குனிந்து, கையால் எடுத்து, கழுவி வைத்துவிட்டுப் பத்திரிகையைப் பிரித்தார். இத்தனை வருஷமாக அந்தக் காலை அடக்கு அடக்கு என்று கத்தியவள் நான்தான். ஆனால் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு வெங்காயக் கூடையை நகர்த்துகிற சாக்கில் ஒன்றை முழங்கையால் தட்டிவிட்டேன்.

பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே இடது கால் நீண்டது. வெங்காயம் பாதத்தின் மேல் வந்து அலுங்காமல் உட்கார்ந்தது.

"நீதானே தட்டிவிட்ட?" என்றார்.

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க" என்று சொல்லி, வெங்காயத்தை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.