முறைக்காய்ச்சல்

மத்தியகால அரபு மருத்துவர்கள் காய்ச்சல்களை நாள்முறை பார்த்து வகைப்படுத்தியதைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருந்த வருடம், எங்கள் ஊரான கெலிஓயாவில் மலேரியா பரவியது. என் மகளும் படுத்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுங்கினாள்.

இடைநாளில் அவள் எழுந்து கஞ்சி குடித்ததும், என் மேசையில் விரிந்திருந்த அரபு மருத்துவ நூலைப் பார்த்து மனைவி சிரித்தாள். "புள்ளைக்குச் சொகமாயிட்டு. இனி கிதாப மூடுங்க."

நாளை நண்பகல் அது திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும். சொல்லவும் முடியவில்லை, வீட்டைவிட்டு நகரவும் முடியவில்லை.

மறுநாள், "குளிருது வாப்பா" என்று மகள் சொன்னபோதே இரண்டாவது கம்பளி என் கையில் இருந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"முந்தியே தெரியுமா உங்களுக்கு? அப்ப, எப்ப உட்டுப்போகும்னும் கிதாபுல ஈக்கும்தானே?"

இருந்தது. சிலரை அது விடுவதேயில்லை என்றும் அதே பக்கத்தில் இருந்தது. முதலாவதை மட்டும் சொன்னேன்.

கொயினா மருந்தில் பிழைத்தாள். அந்தப் பக்கத்தை இன்னும் என்னால் திறக்க முடியவில்லை.