ஹவில்தார் டிராக்டருக்குப் போட்ட பனிச் செயின்

உத்தமபாளையத்தில் ராவுத்தர் டயர் கடையில் நான் பிட்டராக இருந்தபோது, டிராக்டர் டயருக்குச் செயின் கட்டச் சொல்லி வந்த முதல் ஆள் ராயப்பன்பட்டி ஹவில்தார்தான். பட்டாளத்தில் லடாக் பக்கம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வந்ததும் மனைவி பங்காகக் கிடைத்த திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, புது டிராக்டரும் வாங்கியிருந்தார்.

தோட்டம் பள்ளத்தில் இருந்தது. ரோட்டுக்கு ஏற ஒரே ஒரு செம்மண் சரிவு. மழை பெய்தால் அதில் ஆளே நிற்க முடியாது. பக்கத்துத் தோட்டம் அவருடைய மச்சினன்மார் இருவருக்கும் சொந்தம். மழை நாளில் அவர்கள் திராட்சையைத் தலைச்சுமையாகத்தான் மேலே ஏற்றுவார்கள். ஹவில்தாரின் டிராக்டர் சரிவில் வழுக்கி நின்றால் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். "மச்சான், துப்பாக்கி எடுத்துட்டு வரவா?" என்பான் சின்னவன்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. பன்னீர் திராட்சை பழுத்து நின்றது. இன்னும் நாலு நாள் கொடியில் நின்றால் வெடித்து வீணாகிவிடும். ஊரில் கூலிக்கு இருந்த ஆட்களையெல்லாம் மச்சினன்மார் முன்பே பிடித்துவிட்டார்கள். டிராக்டர் ஏறாவிட்டால் அவர்களிடம் போய் ஆள் கேட்டு நிற்க வேண்டும். அதைவிடப் பழம் அழுகட்டும் என்றார் ஹவில்தார்.

தண்ணீரா, செயினா

முதலாளி ராவுத்தர் டயரைத் தட்டிப் பார்த்து, பின் டயரில் முக்கால்வாசி தண்ணீர் அடித்துவிடலாம், பாரம் கூடினால் பிடிமானம் தானாக வரும் என்றார். ஹவில்தார் அவரைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது.

"ராவுத்தரே, தண்ணி உறைஞ்சா டியூப் கிழிஞ்சுரும். நான் கண்ணால பாத்தவன்."

"உத்தமபாளையத்துல தண்ணி உறைஞ்சா சொல்லி விடுங்க ஹவில்தாரே. சர்பத் கடை வச்சுப் பொழச்சுக்கிறேன்."

அவர் மசியவில்லை. லடாக்கில் பனி ரோட்டில் லாரியையே ஏற்றிய செயின் இந்தச் சரிவுக்குப் பத்தாதா என்றார். மரத்தடி ஏற்றும் லாரிக்காரர்களிடம் பழைய செயின் வாங்கி, ஏணி மாதிரி குறுக்குச் செயின் வைத்து வெல்டிங் அடித்து மாட்டிக் கொடுத்தேன்.

பனி உதிர்ந்துவிடும். எங்கள் செம்மண் உதிராது. பாதிச் சரிவிலேயே செயினுக்குள் சகதி அப்பி, டயர் இரண்டும் பிடித்து வைத்த கொழுக்கட்டையாகிவிட்டன. மச்சினன்மார் சிரித்த சிரிப்பு ரோடு வரை கேட்டதாம்.

மறுநாள் காலையில் ஹவில்தார் வந்து, குறுக்குச் செயினை இன்னும் நெருக்கமாக வைக்கச் சொல்லி வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறினார். பஸ் முக்குத் திரும்பி மறைந்ததும் முதலாளி என்னிடம், "ஏலே முருகேசு, தண்ணி ஓஸை எடு" என்றார்.

 பட்டாளத்துக்காரர் கோபம் தெரியாதா? இருந்தாலும் முதலாளி சொல்லைத் தட்ட முடியுமா. ஜாக்கி வைத்து, வால்வ் மேலே வரும்படி சக்கரத்தைச் சுற்றி, வால்வுக்குள் இருக்கும் பின்னைக் கழற்றித் தண்ணீரை விட்டேன். வால்வ் மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, மேலே காற்றடித்து மூடினேன். குறுக்குச் செயினை நெருக்கி வைக்காமல், சகதி விழட்டும் என்று ஒன்றுவிட்டு ஒன்று கழற்றினேன். செயின் இனி சும்மா அலங்காரம்தானே.

தண்ணீரைப் பற்றி மூச்சு விடாமல் வண்டியைக் கொடுத்தனுப்பினோம். மறுநாள் டிராக்டர் திராட்சை லோடோடு சரிவில் ஏறி ரோட்டில் நின்றது. அந்த வாரமே பழம் முழுவதும் லாரி ஏறிவிட்டது.

மச்சினன்மார் வந்த கதை

அதன் பிறகுதான் வேடிக்கை. அடுத்த மழைக்குள் மச்சினன்மாரும் டிராக்டர் வாங்கி, வெட்கத்தை விட்டுச் செயின் கேட்டு வந்தார்கள். தண்ணீர் விஷயத்தை அவர்களிடம் சொன்னால் அன்று மாலையே ஹவில்தார் காதுக்குப் போய்விடும். அதனால் காற்று செக் பண்ணுகிறேன் என்று சொல்லி, அவர்கள் டீ குடித்து, முடிவெட்டி வருவதற்குள் அந்த வண்டிக்கும் தண்ணீர் அடித்தேன்.

கோடையில் மச்சினன்மார் வண்டி டயரில் கருவேல முள் ஏறியது. வண்டியைக் கொண்டுவந்த சின்னவனோடு ஹவில்தாரும் வந்திருந்தார். முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று இழுத்துப் பார்த்தேன், சின்னவன் விடவில்லை. செயினை அவிழ்த்து, பின்னைக் கழற்றியதும் தண்ணீர் பீச்சி அவன் சட்டையை நனைத்தது.

"என்னலே இது, டயர் ஒண்ணுக்குப் போகுது?" என்றான்.

நான் ஹவில்தாரைப் பார்க்கவே இல்லை. அவர் நிதானமாக, "பனிச் செயின் போட்ட டயர்ல தண்ணி இருக்கத்தான் செய்யும் மாப்ளே. போயி சட்டையை அலசிட்டு வா" என்றார். அவன் பைப்படிக்குப் போனதும் என் பக்கத்தில் குந்தினார்.

"அன்னைக்கே தெரியும்லே. மேட்டுல ஏறி எஞ்சினை ஆப் பண்ணேன். டயருக்குள்ள சளப்புன்னுச்சு."

"பெறகு ஏன் சொல்லலீக?"

"சொல்லியிருந்தா இவனுக சும்மா தண்ணி அடிச்சுட்டுப் போயிருப்பானுக. ஒவ்வொரு மழைக்கும் சகதியில குப்புற விழுந்து செயின் மாட்டுறதை நான் எங்கன போயிப் பாக்க?"

இன்று கடைக்கு வரும் புது பிட்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். டயரில் எதைச் செய்தாலும் ஓட்டுபவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் வண்டி அவரிடம் சொல்லிவிடும்.

சின்னவன் சட்டையைப் பிழிந்துகொண்டு வந்தான். ஹவில்தார் எழுந்து, டயரை ஒட்டி முடித்ததும் செயினை அவனையே கவனமாகத் திரும்ப மாட்டச் சொன்னார். மழை இல்லாவிட்டாலும் பழக்கம் விட்டுப் போகக் கூடாதாம்.