எட்டுக் கதவு லயத்தின் அளவுப்படம்

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடக்கலைத் தொழில்நுட்பம் படித்தபோது, விரிவுரையாளரைக் கண்டால் பயம், மைப் பேனாவைக் கண்டால் பயம். டிரேசிங் தாளில் ஒரு சொட்டு மை சிந்தினால் பிளேடால் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுத்திவிட்டால் தாள் ஓட்டை, மூன்று நாள் வேலை போச்சு. அதெல்லாம் ஒரு பயமே இல்லை என்பது இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தது.

ஏற்கெனவே நிற்கும் கட்டடம் ஒன்றை அளந்து வரைந்து வர வேண்டும் என்றார்கள். இருப்பதை இருப்பதுபோல வரை, எதையும் விடாதே, இதுதான் விதி. கூடப் படித்தவர்கள் தைப்பிங்கின் பழைய அரசாங்கக் கட்டடங்களைத் தேடிப் போனார்கள். நானோ லகாட்டுக்கு அப்பால் எங்கள் ரப்பர் தோட்டத்தில், நாங்கள் குடியிருந்த, எட்டு வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நின்ற எட்டுக் கதவு லயத்தையே எடுத்துக்கொண்டேன். வெளி ஆட்களிடம் போய் நிற்க வேண்டாமே. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றார் அப்பா. கேட்கப் பயந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை பார்த்து டேப்போடு இறங்கிவிட்டேன்.

கம்பெனி கட்டிக்கொடுத்தது வீட்டுக்கு ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். பின்னால் ஒட்டி நின்றதெல்லாம் எங்கள் ஆட்கள் தாங்களாகக் கட்டிக்கொண்டது. பலகைச் சுவர், தகரக் கூரை. ஒரு வீட்டில் கோழிக்கூடு, இன்னொன்றில் குளிக்குமிடம், ஐந்தாம் கதவு அக்கா வீட்டில் கல்யாணமான மகனுக்கு ஒரு ரூம், எங்கள் வீட்டில் நான் படுத்துப் படிக்கும் சாய்ப்பு. ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் அளந்தேன். பின்னாளில் கட்டியது எது என்று தெரிய வேண்டுமே என்று, அதையெல்லாம் புள்ளிக்கோடு போட்டுத் தனியாகக் காட்டினேன். எவன் கொடுத்த புத்தியோ.

படத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அந்த வாரமே தோட்டத்து மேனேஜர் ஆள் அனுப்பி, படத்தோடு வரச் சொன்னார். நான் அளந்ததை ஆபீசில் கணக்கெழுதும் கிராணி பார்த்துச் சொல்லியிருக்கிறார். அப்பாவின் வேலை போகும், வேலை போனால் வீடும் போகும். தோட்டத்தில் இரண்டும் ஒன்றுதான். படச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் நின்றேன். அவரோ சிரித்த முகமாகப் படத்தை விரித்துப் பார்த்தார், கெட்டிக்காரப் பையன் என்றார், ஒரு நகல் கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் ஏது? கொடுத்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திரும்பி வரும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம், காலையில் ஆட்கள் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அனுமதியில்லாமல் கட்டிய எல்லாவற்றையும் இரண்டு வாரத்தில் பிரித்துவிட வேண்டும். பக்கத்தில் என் படம். ஒவ்வொரு புள்ளிக்கோட்டின் மேலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. மேனேஜர் லயத்தின் பின்பக்கம் வந்ததே இல்லை. நான் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன்.

அடிப்பார்களா, அப்பாவோடு யாரும் பேசாமல் போவார்களா என்றே நினைப்பு. லயத்து வாசலைத் தாண்டப் பயந்து, ரப்பர் மரங்களுக்குள் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். வகுப்பில் டி-ஸ்கொயரைக் கையில் பிடித்தாலே வியர்த்தது. அப்பாதான் முதல் ஆளாக எங்கள் சாய்ப்பைப் பிரித்தார். நானும் ஆணி பிடுங்கினேன்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஐந்தாம் கதவு அக்கா வந்தார். அவருடைய மருமகளுக்கு அப்போது ஏழு மாதம். நான் உள்ளே போய் ஒளியலாமா என்று பார்த்தேன்; அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, எங்க ரூமு அளவு ஒங்ககிட்ட இருக்குல்ல? அடிக்கணக்குல எழுதிக் குடுங்கலா. பலகைய அடுக்கி வச்சிருக்கேன். இவுங்க சத்தம் ஓஞ்சதும் மறுபடி போட்டுக்கலாம்."

மில்லிமீட்டரை அடியாக்கி எழுதினேன். இரண்டு முறை அடித்துத் திருத்தினேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதை மட்டும் சொல்லாமல் காகிதத்தை நீட்டினேன். அக்கா காகிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். கிளம்பியவர் நின்று, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மறுபடி கட்டுனா, அத வரஞ்சிராதீங்க தம்பி."

நேற்றுவரை என்னை வாடா போடா என்று கூப்பிட்டவர். கோபமாக இருந்தால் திட்டியிருப்பார், எனக்கும் ஆறியிருக்கும். அவர் என்னைப் பார்த்துப் பயந்தார்.