கழுத்தில் தொங்கிய சாவிகள்

2021 அக்டோபர் 8, வெள்ளிக்கிழமை. இரவு முழுவதும் பெய்த மழை விடியலில் நின்றுவிட்டது. ஒஹையோ ஆற்றின்மேல் பனிமூட்டம் மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. கென்டக்கிக் கரையில், வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் படகுக்காக எங்கள் குதிரைச் சங்கத்தின் ஐந்து வண்டிகள், ஒவ்வொன்றும் குதிரையேற்றிய கூண்டினை இழுத்தவாறு, வரிசையாக நின்றன. முதல் வண்டியிலிருந்து ரோஸ்கோ டில்மன் இறங்கினார். ஒவ்வொரு வண்டியாகச் சென்று கண்ணாடியைத் தட்டினார்.

"பெட்டியத் தெற."

எங்கள் கரையில், வயது வந்த எவரும் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு தேவாலயத்துக்கும் போகலாம். அக்கரை இல்லினாய் மாநிலம். அங்கே வெளிமாநிலத்தார் அதனை வண்டிக்குள் பூட்டி வைத்துக்கொள்ளலாம்; வண்டியை விட்டு வெளியே எடுத்துச் செல்வது சிறைக்குரிய குற்றம். ஆகவே, அக்கரைக் காட்டிலுள்ள முகாமுக்குப் போகும்போதெல்லாம் ரோஸ்கோ துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுக்கச் செய்வார். துப்பாக்கியை இரும்புப் பெட்டியிலும் குண்டுகளை வேறொரு பெட்டியிலும் வைத்துப் பூட்டச் செய்வார். பிறகு எல்லாருடைய சாவிகளையும் வாங்கி, ஒரு தோல் கயிற்றில் கோத்துத் தம் கழுத்தில் மாட்டிக்கொள்வார்.

இந்த விதியைச் சங்கம்தான் இயற்றியது. மூன்றாண்டுகளுக்கு முன், சங்கத்தைச் சேர்ந்த க்ளீட்டஸ் என்பவன், பின்விளக்கு எரியாத காரணத்தால் அக்கரையில் வழிமறிக்கப்பட்டான். வண்டியில் கிடந்த சேணப்பையில் துப்பாக்கி பூட்டப்படாமல் இருந்தது. சிறைக்குப் போனான்; பார்த்துவந்த சிறைக்காவலர் வேலை போயிற்று. வேலையைத் தொடர்ந்து வீடும் மனைவியும் போயின. அந்தக் குளிர்காலத்திலேயே விதி வாக்கெடுப்புக்கு வந்தபோது எல்லாரும் கை தூக்கினர். சாவிகளை வைத்திருக்க ரோஸ்கோவைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது. அவரை யாரும் விரும்பியதில்லை; ஆனால் அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவருக்கு அப்போது அறுபத்தேழு வயது. மாவட்டச் சாலைத் துறையில் மண்சாலைகளைச் சமன்செய்யும் இயந்திரத்தை ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருடைய அண்ணி, வேலியோரம் ஓரடி அகலத்துக்குச் சாலை நிலத்தில் ரோசாச் செடிகளை வைத்திருந்தாள். அண்ணி பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அவற்றை இயந்திரத்தால் வழித்துத் தள்ளிவிட்டு, தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிப் போனவர் அவர். மனைவி ஓப்பல் மருத்துவமனையில் கிடந்தபோது, ஆறுதலாகப் பேசும்படி மருத்துவர் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "நான் வீட்டுக்கு வருவேனா ரோஸ்கோ?" என்று ஓப்பல் கேட்டாள். "வரமாட்ட" என்றார் அவர். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன்பின் சாகும்வரை அவரோடு பேசவில்லை.

மூன்றாம் வண்டி டார்லா பிக்கெட்டினுடையது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்பவள்; கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. தாய் செத்துப்போன ஒரு குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். அதுதான் ஹேசல், செம்பழுப்பு நிறமுடைய ஒன்பது வயதுப் பெண்குதிரை.

"ஆறு முழுக்க கென்டக்கிதான்னு நீங்கதானே சொல்வீங்க ரோஸ்கோ. அந்தக் கரை வந்ததும் பூட்டிக்கறேனே" என்றாள் டார்லா.

"அந்தக் கரை வந்ததும் வண்டிய எறக்கணும். இப்பப் பூட்டு."

"குதிரை விழுந்துட்டா?"

"விழாம ஓட்டு."

குதிரையேறிக் காட்டுக்குள் செல்லும் எங்கள் மக்கள் கைத்துப்பாக்கி வைத்திருப்பது கரடிக்காகவும் அன்று, திருடனுக்காகவும் அன்று. கால் ஒடிந்த குதிரைக்காக. டார்லா அதைத்தான் கேட்டாள். ரோஸ்கோவுக்கும் அது தெரியும்.

பின்வண்டியிலிருந்து வேய்ன் ஸ்ட்ரூட் தலையை நீட்டினான். "குடுத்துரு டார்லா. சட்டம் மட்டும் இருந்திருந்தா, இவரு ஓப்பல் பெட்டிக்கும் பூட்டுப் போட்டுத்தான் பொதைச்சிருப்பாரு."

ரோஸ்கோ டார்லாவின் சாவியைக் கயிற்றில் கோத்தார். பிறகு வேய்னிடம் கை நீட்டினார்.

மறுநாள் காலை, முகாமிலிருந்து ஐவரும் புறப்பட்டோம். ரோஸ்கோ தம் கோவேறு கழுதையான டீக்கன்மீது முன்னே சென்றார். காட்டின் மணற்பாறைகள் ஈரத்தில் வழுக்கின. செங்குத்துப் பாறையின் அடியில், ஒருவர்பின் ஒருவராகவே செல்லத்தக்க ஒற்றையடிப் பாதையில், ஹேசலின் முன்னங்கால் இரு பாறைகளின் இடுக்கில் இறங்கியது. உடல் முன்னே போயிற்று, கால் வரவில்லை. உலர்ந்த கிளை முறிவது போன்ற ஓசையை ஐவரும் கேட்டோம்.

டார்லா புதரில் விழுந்தாள், அவளுக்கு அடியில்லை. ஹேசல் மூன்று காலில் எழ முயன்று, ஒடிந்த காலையும் ஊன்றியது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. குதிரை பக்கவாட்டில் சாய்ந்து, மறுபடியும் எழ முயன்றது.

ரோஸ்கோ இறங்கி, மண்டியிட்டுப் பார்த்தார். "முடிஞ்சுபோச்சு" என்றார்.

"தெரியுது" என்றாள் டார்லா. "ஜூனி முகாமுக்குப் போயிட்டு வரட்டும். என் பெட்டி சீட்டுக்குப் பின்னாடி இருக்கு. சாவியக் குடுங்க."

ஜூனி கார்ப் எங்களில் விரைவாகக் குதிரை ஓட்டக்கூடியவள். அவள் ஏற்கெனவே குதிரையைத் திருப்பியிருந்தாள்.

"ஜூனி போகட்டும். மேட்டுக்குப் போனா போன் கெடைக்கும். ஷெரிஃப் ஆபீசுக்குச் சொல்லி ஆள வரச் சொல்லட்டும்" என்றார் ரோஸ்கோ.

"அவங்க வர எவ்ளோ நேரமாகும்?"

"தெரியாது."

"அதுவரைக்கும் இவ இப்படியே கெடக்கணுமா?"

"ஆமா."

டார்லா குரலை உயர்த்தவில்லை. "இங்க யாரு இருக்கா ரோஸ்கோ, பாக்கறதுக்கு? மரம் இருக்கு. பாறை இருக்கு."

"நான் இருக்கேன்."

"நானே சுடறேன். ஜெயிலுக்கு நானே போறேன்."

"க்ளீட்டஸும் அப்படித்தான் பேசினான், போறதுக்கு முன்னாடி. விதிக்கு நீயும்தான் கை தூக்கின."

"க்ளீட்டஸுக்காகத் தூக்கினேன். ஹேசலுக்காக இல்ல."

அவள் பாய்ந்து அவர் கழுத்துக் கயிற்றைப் பற்றினாள். ரோஸ்கோ அவளைத் தள்ளவும் இல்லை, திட்டவும் இல்லை. அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். பிறகு சாவிகளைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். ஜூனி சாவியில்லாமலே புறப்பட்டாள்.

வேய்ன் தன் மடக்குக்கத்தியை எடுத்து நீட்டினான். "இது இருக்கு" என்றான். அவன் அதை நகைச்சுவையாகச் சொன்னானா, உதவியாகச் சொன்னானா என்பது அவனுக்கே தெரிந்திராது.

"கத்திக்குத் தடையில்ல" என்றார் ரோஸ்கோ. "எங்க வெட்டணும்னு தெரிஞ்சா வெட்டு. தெரியலன்னா தொடாத. பாதியில நின்னா இதைவிட மோசம்."

டார்லா கத்தியை வாங்கி விரித்தாள். ஹேசலின் கழுத்தைத் தடவி இடம் தேடினாள். அவள் கை பட்டதும், அதுவரை பற்களை அரைத்துக்கொண்டிருந்த குதிரை, காதுகளை முன்னே நிமிர்த்தி, அவளுடைய சட்டைப்பையை மூக்கால் முட்டியது. வழக்கமாக அந்தப் பையில்தான் ஆப்பிள் துண்டு இருக்கும். டார்லா கத்தியை மடக்கி வேய்னிடம் கொடுத்துவிட்டாள்.

காத்திருந்தோம். ரோஸ்கோ சேணத்தின் வார்களை அவிழ்த்து, இரத்தம் படுமுன் சேணத்தை உருவியெடுத்து, துடைத்துப் பாறைமேல் கவிழ்த்து வைத்தார். "நல்ல சேணம். அடுத்ததுக்கு ஆகும்" என்றார். டார்லா அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஹேசல் ஒவ்வொரு முறை எழ முயன்றபோதும் அதன் தலையை மடியில் அழுத்தி, "படுடி, படுடி என் கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குதிரையின் உடலிலிருந்து குளிர்காற்றில் ஆவி எழுந்தது. நண்பகல் கடந்ததும் வேய்ன் பன்றியிறைச்சி வைத்த ரொட்டியைப் பிரித்து உண்ணலானான். டார்லாவுக்கும் ஒன்றை நீட்டினான். அவள் வாங்காததால் அதையும் உண்டான்.

பிற்பகலில்தான் ஜூனி ஒருவரை அழைத்துக்கொண்டு திரும்பினாள். ஷெரிஃப் அலுவலகத்து இளங்காவலர் அவர். சாலை முடியும் இடத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். பூட்சு முழுவதும் சேறு. குதிரையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"நான் இதுவரைக்கும் குதிரையச் சுட்டதில்லைங்க ஐயா."

ரோஸ்கோ விரலில் சேற்றைத் தொட்டு, ஹேசலின் நெற்றியில், ஒவ்வொரு காதிலிருந்தும் எதிர்ப்பக்கத்துக் கண்ணுக்குக் கோடிழுத்தார். இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிய இடத்தைக் காட்டினார். "இங்க. கைய ஆட்டாத." டார்லாவைத் தோளைத் தொட்டு எழுப்பி அப்பால் நிறுத்தினார். ஒரே குண்டு போதுமாயிருந்தது.

காவலர் துப்பாக்கியை உறையில் இட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ஆறுதலாக ஏதேனும் பேசவேண்டும் என்று நினைத்தார் போலும்.

"கென்டக்கிக்காரங்க அஞ்சு பேரு, ஒருத்தர்கிட்டயும் துப்பாக்கி இல்லியா? எங்க ஆபீசுல சொன்னா நம்பமாட்டாங்க."

"முகாம்ல பூட்டியிருக்கு" என்றார் ரோஸ்கோ.

"எடுத்துட்டு வந்திருக்கலாமே ஐயா. கால் ஒடிஞ்ச குதிரையச் சுட்டதுக்கு இந்த மாவட்டத்துல யாரு கைது பண்ணப்போறா? நான் வந்திருந்தா அந்த மரத்தப் பாத்துட்டு நின்னிருப்பேன்."

டார்லா அதைக் கேட்டாள். ரத்தம் தோய்ந்த முன்னங்கையை இலைகளால் துடைத்துக்கொண்டிருந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"நீங்க மரத்தப் பாத்திருப்பீங்க" என்றார் ரோஸ்கோ. "க்ளீட்டஸ மறிச்சவரு பாக்கல. இன்னிக்கு யாரு வருவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

காவலர் பூட்சின் சேற்றைப் பாறையில் தேய்த்தார். டார்லா காலணிகள் தேய நடந்தே முகாமுக்குத் திரும்பினாள். சேணத்தை ரோஸ்கோ டீக்கன்மீது ஏற்றிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடாரங்களைக் கலைத்தோம். டார்லாவின் கூண்டு வெறுமையாக இருந்தது. ஹேசல் பாதி தின்ற வைக்கோல் வலை உள்ளே தொங்கியது. அதை அவிழ்த்துவிட ஜூனி முனைந்தபோது, "தொடாத" என்றாள் டார்லா. முன்தினத்திலிருந்து அவள் பேசிய ஒரே சொல் அதுதான்.

படகு இல்லினாய்க் கரையை விட்டு விலகியது. ஆறு கென்டக்கிக்கு உரியது. ஆதலால் ரோஸ்கோ கழுத்துக் கயிற்றைக் கழற்றி, அவரவர் சாவியை அவரவரிடம் கொடுத்துக்கொண்டே வந்தார். வேய்ன் வாங்கிக்கொண்டான். ஜூனி வாங்கிக்கொண்டாள். கடைசியாக, படகின் கம்பியோரம் நின்ற டார்லாவிடம் வந்து நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"அடுத்த வருஷம் நான் இந்தச் சங்கத்துல இருப்பேனா மாட்டேனான்னு ராத்திரி பூரா யோசிச்சேன்" என்றாள். "நீங்க செஞ்சது எல்லாருக்கும் ஒண்ணுன்னா, நான் பொறுத்துக்குவேன். அதனால ஒண்ணு கேக்கறேன். நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கறேன்."

"கேளு."

"அங்க கெடந்தது ஹேசலா இல்லாம, உங்க டீக்கனா இருந்திருந்தா, சாவியக் கழட்டியிருப்பீங்களா?"

ரோஸ்கோ கூண்டுக்குள் நின்ற டீக்கனைத் திரும்பிப் பார்த்தார். அதன் காது கம்பிக்கு வெளியே நீண்டிருந்தது. பிறகு, சாவியை நீட்டிய கையை மடக்காமலே, டார்லாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"கழட்டியிருப்பேன்."