நாற்பது நாள், நான்கு மாதம்

பாவங்களைப் பட்டியல் போடுவதில் நான் கெட்டிக்காரன். ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் சாமியாரிடம் சொல்வது அதே ஏழு பாவம், அதே வரிசையில்: கோபம், பொய், பூசையில் தூக்கம், இத்யாதி. சாமியார் கொட்டாவியை அடக்கிக்கொண்டு மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொல்வார். பாவத்தைப் பற்றி இனி எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுமில்லை என்றே நினைத்திருந்தேன்.

அப்போது அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தாள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலையில், தியாகதுருகத்தில் எங்கள் வீட்டுக்குச் சாமியார் அவளுக்கு நற்கருணை அப்பம் கொண்டுவருவார். வெள்ளைத் துணி விரித்த ஸ்டூல், சிலுவையில் பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி எல்லாம் என் மனைவி எடுத்துவைப்பாள். அம்மாவுக்குப் பிறகு எங்களுக்கும் கொடுப்பார்.

மூன்று மாதமாக என் மனைவி, "வாணாம் சாமி" என்று நகர்ந்துகொண்டாள். கொலை, விபசாரம் மாதிரி சாவான பாவம் இருந்தால்தான் நற்கருணை வாங்கக் கூடாது. அப்படி இவள் என்ன செய்திருப்பாள்? கள்ளக்குறிச்சியில் அவள் புடவை எடுக்கும் கடைக்காரரை ஒரு வாரம் சந்தேகப்பட்டேன். அவருக்கு எழுபது வயது.

நான்காவது மாதம் சாமியார் விடவில்லை. "இன்னாம்மா ஆச்சு? அவரு வெளிய போவட்டுமா?"

"இருக்கட்டும் சாமி. அவருக்கும் தெரியட்டும்." அம்மாவுக்குக் காது மந்தம்தான். ஆனாலும் என் மனைவி குரலைத் தாழ்த்தினாள். "காலைல அத்தைக்கு மாத்திரை எடுக்கறப்பல்லாம் ஒரு நெனப்பு வருது. இன்னிக்குக் குடுக்காம வுட்டா இன்னா, எல்லாருக்கும் விடுதலைதானேன்னு."

"வுட்டியா?"

"அய்யோ, ஒரு நாளும் வுடல சாமி. அது வந்துக்கினே இருக்குது, நான் குடுத்துக்கினே இருக்கேன்."

"அப்பப் பாவம் எங்கம்மா இருக்குது? நெனப்பு வர்றது சோதனை. அதுக்கு நீ சம்மதிச்சாத்தான் பாவம். ஆண்டவருக்கே வனாந்தரத்துல நாப்பது நாளு சோதனை வந்துச்சே."

"அவருக்கு நாப்பது நாளு சாமி. எனக்கு நாலு மாசமாச்சு."

சாமியார் சிரிக்கவில்லை. பீடத்துக்கு முன்னால் நிற்பதுபோல அவள்முன் அசையாமல் நின்றார். பிறகு நற்கருணைச் சிமிழைத் திறந்தார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முழங்காலிட்டாள்.

என் பக்கம் திரும்பினார். நற்கருணை வாங்க எனக்கு நாக்கு நீளவில்லை.

அந்தச் சோதனை எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. வருவதற்கு நான் மாத்திரை கொடுத்திருக்க வேண்டும். டப்பா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. தினமும் நான் பேப்பர் படித்த இடத்திலிருந்து பத்தடியில், ஒருத்தி கொலையோடு மல்லுக்கட்டி ஜெயித்துவிட்டு, வந்து எனக்குக் காபி வைத்திருக்கிறாள். சர்க்கரை கம்மி என்று நான் குறை சொல்லியிருக்கிறேன்.

"எனக்கு முதல்ல பாவசங்கீர்த்தனம் கேளுங்க சாமி" என்றேன்.

"போன வாரந்தான செஞ்சீங்க?"

"அது பழைய லிஸ்டு."

"வெள்ளிமலைல பூசை இருக்குது, ஜீப்பு நிக்குது. சுருக்கா சொல்லுங்க."

சுருக்கமாகவே இருந்தது. ஒரே பாவம். செய்ததல்ல, செய்யாமல் விட்டது.

மறுநாள் காலை அடுப்படி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தேன்.

"இன்னா தேடறீங்க?"

"அம்மா மாத்திரை."

"புளி ஜாடிக்குப் பின்னால. வெள்ளை ஒண்ணு, மஞ்சள் பாதி."