கஞ்சிக்குக் காத்திருந்த விளக்கு

சாய்ந்தமருதில் கைத்தொலைபேசி திருத்துபவன் ஸஜாத். மூளை எப்படிப் பழகுகிறது என்பதைப் பழைய பாகங்களைக் கொண்டே செய்து பார்க்க வேண்டுமென்பது அவனுடைய நீண்டநாள் ஆசை. இந்த நோன்பு மாதத்தில் அதற்கென ஒரு சின்னச் சுற்றைப் பொருத்தினான். சூடான கஞ்சிக் கோப்பையை அதன்மேல் வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். சுற்றியுள்ள சத்தத்தைக் கேட்க அதில் ஒரு மைக்கும் இருந்தது. மாலைதோறும் நோன்பு திறக்கும் நேரத்து மஃரிப் பாங்கும் கஞ்சியும் சேர்ந்தே வந்ததால், ஐந்தாம் நாள் கஞ்சி வருமுன்பே விளக்கு எரிந்தது.

"இஞ்சாருங்க, இதுக்கும் வாயூறுதா?" என்று மனைவி நுஸ்ஹா சிரித்தாள்.

"ஓம், உங்கட காக்காவப் போல."

மறுநாள் அந்தக் காக்கா, அவளுடைய ஒரே அண்ணன் சுபியான், கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வீட்டில் சிரிப்பு நின்றது.

சுபியான் காணாமற்போன மூன்றாம் நாள் காலை பள்ளிவாசல் ஒலிபெருக்கியை யாரோ தட்டிப் பார்த்தார்கள். ஸஜாத் அணைக்க மறந்திருந்த சுற்றின் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அது பழகியிருந்தது பாங்கை அல்ல, பாங்குக்கு முன் கேட்கும் அந்தத் தட்டலை என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. தொடர்ந்து வந்தது மரணத்தைச் சொல்லும் ஜனாஸா அறிவித்தல். வீட்டுக்குச் செய்தி சொல்ல ஆள் வந்து சேருமுன்பே சுபியானின் பெயர் ஊரெல்லாம் கேட்டுவிட்டது.

விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஸஜாத் அதை உடைக்கக் கை ஓங்கினான். நுஸ்ஹா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்க. மைக்கத் தட்டினதும், காக்கா உயிரோட கரைக்கு வந்திட்டாரெண்டு சொல்லப் போறாங்க எண்டுதான் நானும் நினைச்சன்."